ஒரு டம்ளருக்கு 10 கிராம்: பாட் காபி மெஷின் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: டெக்சாஸ் சான் அன்டோனியோவில் இருக்கிறோம். நான் நர்ஸ், காலை 5.30க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கணவர் டீ குடிப்பவர், காபி எனக்கு மட்டும்தான். பாட் காபி மெஷினில் கியூரிக் வாங்கலாமா, நெஸ்பிரெஸ்ஸோ வாங்கலாமா? நம் ஊர்க் காபி மாதிரி வருமா? டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் வந்து இருக்கப் போகிறார்கள். அப்பாவுக்கு மாலையில் காபி இல்லாமல் முடியாது, குடித்தால் ராத்திரி தூக்கம் வராது. மெஷினை எப்படிச் சுத்தம் செய்வது? அவர்கள் திரும்பும்போது கொடுத்தனுப்பலாமா?

பதில்:

எந்த கம்பெனி என்று யோசிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் குடிக்கும் காபியில் பால் எவ்வளவு? கறுப்புக் காபியைப் பெரிய மக்கில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் குடிப்பவருக்கு ஒரு மெஷின் சரிப்படும், டம்ளரில் பால் காபி குடிப்பவருக்கு வேறொன்று. கடைகளில் இதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் நம் ஆட்கள் பலர் ஆசையாக வாங்கி, "கழுநீர் மாதிரி இருக்கிறது" என்று மூன்றே மாதத்தில் அலமாரிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். நான் பன்னிரண்டு வருடமாக இந்த மெஷின்களோடு இருக்கிறேன். அதில் நாலு வருடம் உங்கள் ஊரில்தான் இருந்தேன். அந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. என் வீட்டு எவர்சில்வர் ஃபில்டரில் 20 கிராம் பொடி போட்டு, கொதிக்கக் கொதிக்க 100 மில்லி தண்ணீர் ஊற்றுகிறேன். பொடி ஏறக்குறைய 40 மில்லியைக் குடித்துக்கொள்ளும். கீழே இறங்குவது 60 மில்லி டிகாஷன். அதில் பால் சேர்த்தால் இரண்டு டம்ளர். ஆக, நாம் "நல்ல காபி" என்று சொல்கிற ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 10 கிராம் பொடி, 30 மில்லி டிகாஷன், மீதி பால். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கள்ளிச்சொட்டு என்பார்களே, அந்தக் கெட்டித்தனம் இந்த அளவிலிருந்துதான் வருகிறது. இந்த 10 கிராமை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மெஷினையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

பாட் என்பது பொடியை உள்ளே வைத்து மூடி முத்திரை போட்ட ஒரு குட்டி ஃபில்டர். பொடியின் அளவை கம்பெனி முடிவு செய்துவிட்டது, அதை நீங்கள் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. உங்கள் கையில் இருப்பது தண்ணீரின் அளவு மட்டும். மெஷினில் சின்ன கப், பெரிய கப் என்று படம் போட்ட பட்டன்கள் இருக்கும். பெரிய பட்டனை அழுத்தினால் காபி கூடுவதில்லை, அதே பொடியில் தண்ணீர்தான் கூடுகிறது. ஃபில்டரில் முதல் டிகாஷன் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுப்போம் அல்லவா, அந்த இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்துவிட்டால் என்ன வருமோ அதுதான் பெரிய பட்டன். முன்பாதியில் மணமும் சாரமும் இறங்கிவிடும், பின்பாதியில் கசப்பும் வெந்நீரும். பால் காபி குடிப்பவர் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம்.

இப்போது மெஷின்களுக்கு வருவோம். கியூரிக் 1998இல் அமெரிக்க ஆபீஸ்களுக்காக வந்தது, வீட்டுக்கான மாடல் 2004இல். அதன் கே-கப் ஒரு பிளாஸ்டிக் குவளை, உள்ளே காகித ஃபில்டர், அதில் 9 முதல் 12 கிராம் வரை பொடி. மேலிருந்து ஓர் ஊசி குத்தித் தண்ணீரை விடும், கீழே இன்னோர் ஊசி வழியாகக் காபி இறங்கும். அழுத்தம் அதிகம் கிடையாது. அமெரிக்க டிரிப் காபியை ஒரு கப் அளவுக்குச் சுருக்கியதுதான் இது. 10 கிராம் பொடி இருக்கிறதே, நம் கணக்குக்குச் சரியாக வருகிறதே என்று தோன்றும். ஆனால் வழக்கமான மாடலில் மிகச் சின்ன பட்டனே 6 அவுன்ஸ், அதாவது சுமார் 180 மில்லி. கறுப்பாகக் குடிக்க அது நன்றாகவே இருக்கும். அதன் தலையில் 100 மில்லி பாலை ஊற்றினால் நிறம் மட்டும்தான் மிஞ்சும். 12 அவுன்ஸ் பட்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கியூரிக்கிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. கே-கஃபே என்ற மாடலில் 'ஷாட்' என்று தனி பட்டன் இருக்கிறது. எந்த கே-கப்பைப் போட்டாலும் 2 அவுன்ஸ், அதாவது 60 மில்லி மட்டும் இறக்கிக் கொடுக்கும். பால் சுடவைத்து நுரைக்கும் பாத்திரமும் கூடவே வரும். கியூரிக்தான் வேண்டும் என்றால், பால் காபிக்காரருக்கு நான் சொல்லும் ஒரே மாடல் அதுதான். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: சிக்கரி. நியூ ஆர்லியன்ஸின் கஃபே டு மோண்ட் காபியை நீங்கள் இந்தியக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் தகர டப்பா. அங்கே அவர்களும் காலங்காலமாகச் சிக்கரி கலந்து, பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள். இங்கே நம் வீடுகளில் ஃபில்டருக்கு அந்த டப்பாவை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதே காபி கே-கப்பாகவும் கிடைக்கிறது. பாட் உலகத்தில் நம் ஊர் மணத்துக்குப் பக்கத்தில் வருவது அதுதான்.

நெஸ்பிரெஸ்ஸோவின் கதை வேறு. நெஸ்லேயில் வேலை பார்த்த எரிக் ஃபாவ்ர் என்ற சுவிஸ் பொறியாளர், ரோமில் சாந்த் எவுஸ்டாக்கியோ என்ற காபிக் கடையில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கவனித்தார். கடைக்காரர் மெஷினின் பம்ப்பை விட்டு விட்டு இயக்கிக் காபியில் காற்றைக் கலப்பதைப் பார்த்தார். அதை ஒரு சின்ன கேப்ஸ்யூலுக்குள் (நெஸ்பிரெஸ்ஸோவில் பாட்டுக்கு இதுதான் பெயர்) கொண்டுவர முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1976இல் காப்புரிமை, 1986இல் விற்பனை. ஒரிஜினல் என்று சொல்லப்படும் இந்த முதல் வகையின் கேப்ஸ்யூலில் 5 முதல் 6 கிராம் பொடிதான், ஆனால் நன்றாக நைசாக அரைத்தது. அழுத்தத்தோடு தண்ணீர் உள்ளே போகும்போது கேப்ஸ்யூலின் முகத்திலிருக்கும் அலுமினியத் தகடு உப்பி, எதிரே இருக்கும் கட்டம் கட்டமான பல்வரிசையில் மோதிக் கிழியும். பயன்படுத்திய கேப்ஸ்யூலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அச்சுப் போட்ட மாதிரி சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக இருக்கும். அழுத்தம் ஏறிய பிறகே வழி திறப்பதால் சாரம் முழுதாக இறங்குகிறது, மேலே பொன்னிற நுரை கட்டுகிறது. இதில் இறக்கும் அளவு மூன்று: ரிஸ்ட்ரெட்டோ 25 மில்லி, எஸ்பிரெஸோ 40 மில்லி, லுங்கோ 110 மில்லி. முதல் இரண்டும் நம் டிகாஷன் அளவு. மூன்றாவது முன்னே சொன்ன பெரிய பட்டன் வகை.

வெர்ட்டுவோ என்று நெஸ்பிரெஸ்ஸோவில் இன்னொரு வகை 2014இல் வந்தது. கடைகளில் இப்போது அதைத்தான் முன்னால் அடுக்கியிருப்பார்கள். கேப்ஸ்யூலைச் சுழற்றி, நிமிடத்துக்கு 7000 சுற்று வரை, அந்த வேகத்தில் காபியை வெளியே தள்ளும். கேப்ஸ்யூலின் விளிம்பில் பார்கோடு இருக்கும், மெஷின் அதைப் படித்துத் தண்ணீரின் அளவைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். பெரிய மக்கில், மேலே கனத்த நுரையோடு கறுப்புக் காபி பிடிக்கும் என்பவருக்கு இது அருமையான மெஷின். எனக்கு இதில் இருக்கும் தயக்கம் ருசியைப் பற்றியது அல்ல. ஒரிஜினல் வகைக்கான காப்புரிமை 2012இல் முடிந்துவிட்டது. அதனால் லவாட்ஸா, இல்லி என்று பல கம்பெனிகளின் கேப்ஸ்யூல் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, விலையும் குறைவு. வெர்ட்டுவோவில் அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு. பெரும்பாலும் நெஸ்லேயும் அதன் அனுமதி பெற்ற ஸ்டார்பக்ஸ் போன்ற சிலரும் விற்பதுதான், அவர்கள் வைத்ததுதான் விலை.

இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். கியூரிக்கின் அனுபவத்தைப் பாருங்கள். கே-கப் காப்புரிமையும் 2012இல் முடிந்தது. மற்றவர்கள் பாட் செய்ய ஆரம்பித்ததும், 2014இல் கியூரிக் 2.0 என்று ஒரு மெஷினை விட்டார்கள். தன் முத்திரை இல்லாத பாட்டைப் போட்டால் அது காபி போட மறுக்கும். காசு கொடுத்து வாங்கிய மெஷின், தன் வீட்டு மேடையில் உட்கார்ந்துகொண்டு தன்னிடமே மறுப்பதா என்று ஜனங்கள் கொதித்துப்போனார்கள், விற்பனை சரிந்தது. எந்த மெஷின் வாங்கினாலும் அதன் பாட் எத்தனை பேரிடம் கிடைக்கிறது என்பதைப் பெட்டியைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மெஷின் ஒருமுறைச் செலவு. பாட் அப்படி இல்லை, தினம் தினம் வாங்க வேண்டியது.

பெட்டியில் '19 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பார் என்பது அழுத்தத்தின் அலகு, பெட்டியில் இருப்பது பம்ப்பின் உச்சத் திறன். எஸ்பிரெஸோ இறங்க 9 பார் போதும். 15க்கும் 19க்கும் உங்கள் நாக்கில் வித்தியாசம் தெரியாது.

உங்களுக்கு என் சிபாரிசு: ஒரிஜினல் வகையில் எசென்ஸா மினி மாதிரி ஒரு சின்ன மெஷின். தண்ணீர்த் தொட்டி 0.6 லிட்டர், அரை நிமிடத்துக்குள் சூடேறிவிடும், இரண்டே பட்டன், ரொட்டி டோஸ்டர் பிடிக்கும் இடம்கூட வேண்டாம். 5.30க்குக் கிளம்புகிறவருக்கு அது பெரிய வசதி. சிக்கரி மணம் இல்லாமல் காபியே இல்லை என்பவராக இருந்தால் கே-கஃபேயும் சிக்கரி கே-கப்பும். இரண்டையும் குடித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டிகாஷனின் கனத்தில் எசென்ஸா மினி முன்னால் நிற்கும், மணத்தின் பரிச்சயத்தில் கே-கஃபே.

மெஷினோடு நுரைக்கும் ஜாடியையும் சேர்த்து விற்பார்கள். எனக்கு அது தேவைப்பட்டதில்லை. அது பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகாது, லாட்டே குடிக்கும் இதமான சூட்டில் நிறுத்திவிடும். நம் நாக்குக்கு அது ஆறின காபி.

நான் போடும் முறையைச் சொல்கிறேன். முதலில் அடுப்பில் ஹோல் மில்க் 100 மில்லி வைத்துவிடுவேன், மிதமான தீயில். அது சூடாவதற்குள் மெஷினை ஆன் செய்து, கேப்ஸ்யூல் போடாமல் ஒருமுறை பட்டனை அழுத்தி வெறும் வெந்நீரை டம்ளரில் பிடிப்பேன். இதைத் தயவுசெய்து விடாமல் செய்யுங்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த குழாயும் டம்ளரும் சேர்ந்து முதல் காபியின் சூட்டைத் தின்றுவிடும். 40 மில்லி காபிக்கு எவர்சில்வர் டம்ளரைச் சூடாக்கும் தெம்பு கிடையாது. அந்த வெந்நீரைக் கொட்டிவிட்டு, டம்ளரில் சர்க்கரை போட்டு, மெஷினுக்கு அடியில் வைத்து, அடர்த்தியான வறுவல் கேப்ஸ்யூல் ஒன்றை ரிஸ்ட்ரெட்டோ அளவில் இறக்குவேன். அதை எடுத்துவிட்டு இன்னொன்று. மொத்தம் 50 மில்லி, பொடி 11 கிராம். இதற்குள் பால் பொங்கி வந்திருக்கும். ஊற்றி, டவராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை தானாக நிற்கும். அவசர நாளில் ஒரே கேப்ஸ்யூல், 40 மில்லி, பாலை 70 மில்லியோடு நிறுத்திக்கொள்வேன். சின்ன டம்ளர்தான், ஆனால் நீர்த்துப்போகாது.

எசென்ஸா மினியில் ரிஸ்ட்ரெட்டோவுக்குத் தனி பட்டன் இல்லை. எஸ்பிரெஸோ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்து, வேண்டிய அளவு விழுந்ததும் விட்டால் அந்த அளவை அது நினைவில் வைத்துக்கொள்ளும். மருந்து குடிக்கும் அளவுக் குவளையை அடியில் வைத்து ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

இது கும்பகோணம் டிகிரி காபியா என்றால், இல்லை. ஃபில்டரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பதினைந்து இருபது நிமிடம் பொடியோடு உறவாடி இறங்குகிறது, சிக்கரி அதற்கு உடம்பு கொடுக்கிறது. மெஷினில் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ருசி இத்தாலியப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் நல்ல பால் காபி, கனமான காபி. காலை 5 மணிக்கு இருட்டில் ஒருவருக்காக மட்டும் நின்று போடும் காபியாக அதில் எனக்குக் குறையே தெரியவில்லை.

"அப்படியானால் நம் பொடியையே போட்டுவிடலாமே, திரும்ப நிரப்பும் பாட் விற்கிறார்களே" என்று அடுத்து தோன்றும். எனக்கும் தோன்றியது. ஊரிலிருந்து வந்த பொடியை அந்த வலைக் குவளையில் நிரப்பி, போதாதென்று விரலால் அழுத்தி, மூடிப் போட்டேன். மெஷின் முனகியது. குழாயில் இரண்டு சொட்டு விழுந்தது, பிறகு மூடியின் ஓரத்தில் கறுப்பாக வழிந்தது. அணைத்து, ஆறவிட்டுத் திறந்தால் உள்ளே களி மாதிரி குழம்பு. நம் பொடி நைஸ், அதோடு சிக்கரி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுக்கும். இரண்டும் சேர்ந்து வலையை அடைத்து, கீழே இறங்க வழியில்லாத தண்ணீர் ஊசிக்குள் பொடியை ஏற்றிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, காகித கிளிப் ஒன்றை நிமிர்த்தி ஊசியின் துளையில் விட்டுச் சுழற்ற, ஈரப் பொடி புழு மாதிரி நெளிந்து வெளியே வந்தது. அதற்குப் பிறகும் நாலு தடவை வெறும் தண்ணீர் ஓட்டித்தான் மெஷின் பழைய நிலைக்கு வந்தது. திரும்ப நிரப்பும் பாட் வேண்டுமென்றால் சிக்கரி இல்லாத பொடி, கொஞ்சம் கரகரப்பாக அரைத்தது, முக்கால் அளவு, அழுத்தாமல். சிக்கரிப் பொடி எவர்சில்வர் ஃபில்டருக்கே சொந்தம்.

டிசம்பரைப் பற்றி. அப்பா அம்மா வந்த பிறகு காலையில் மூன்று பேர் குடிப்பீர்கள். மூன்று பேருக்கு இரண்டு இரண்டாக ஆறு கேப்ஸ்யூல் போடுவது பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு, முதல் டம்ளர் ஆறிய பிறகுதான் மூன்றாவது வரும். அம்மாவிடம் ஒரு ஃபில்டரைக் கொடுத்துவிடுங்கள், ராத்திரியே பொடி போட்டு வைத்துவிடுவார். மெஷின் உண்மையில் உதவப்போவது மாலையில், உங்கள் அப்பாவுக்கு. தூக்கம் கெடாமல் இருக்க அவருக்கு டிகாஃப், அதாவது காஃபீன் நீக்கிய காபி, கொடுக்கலாம். வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் டிகாஃப் குடிப்பவராக இருந்தால், அவருக்காக ஒரு டப்பா டிகாஃப் பொடி வாங்கித் திறந்து வைத்தால் பாதிக்கு மேல் மணம் போய்விடும். கேப்ஸ்யூலில் ஒவ்வொரு வேளையும் தனித்தனியாக மூடி இருப்பதால், பெட்டியின் கடைசிக் கேப்ஸ்யூலும் முதல் நாள் மாதிரியே இருக்கும். அடர்த்தியான டிகாஃப் வகை ஒன்றை இரண்டு கேப்ஸ்யூல் இறக்கி, சூடாகப் பால் ஊற்றி, டவரா டம்ளரில் கொடுங்கள். டிகாஃபில் காஃபீன் அறவே இல்லை என்று எண்ண வேண்டாம், மிகக் கொஞ்சம் இருக்கும். ரொம்ப லேசாகத் தூங்குகிறவர் என்றால் 4 மணிக்குள் கொடுத்துவிடுங்கள்.

இதே காரணம் உங்களுக்கும் பொருந்தும். நாளுக்கு 10 கிராம் என்றால் கால் கிலோ பொடி தீர 25 நாள். திறந்த பொடியின் மணம் அவ்வளவு நாள் நிற்காது. தனியாகக் குடிப்பவருக்குப் பாட் கொடுக்கும் நிஜமான லாபம் இதுதான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். ஒரு கே-கப் 60 சென்ட், உள்ளே 10 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிலோ 60 டாலர். ஒரு நெஸ்பிரெஸ்ஸோ கேப்ஸ்யூல் 90 சென்ட், உள்ளே ஐந்தரை கிராம் என்றால் கிலோ 160 டாலரைத் தாண்டும். தினம் இரண்டு கேப்ஸ்யூல், மாதம் 54 டாலர். மற்ற கம்பெனிக் கேப்ஸ்யூலாகப் பார்த்து வாங்கினால் கணிசமாகக் குறையும். ஃபில்டரில் அதே மாதத்துக்கு 300 கிராம் பொடி, 425 கிராம் மஞ்சள் டப்பா ஒன்றிலேயே மிச்சம் இருக்கும். கியூரிக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் சில்வனே, தன் வீட்டில் அது இல்லை, செலவு அதிகம் என்று 2015இல் ஒரு பேட்டியில் சொன்னார். நீங்கள் கொடுப்பது காபிக்கான விலை அல்ல, அந்த ஐந்து நிமிடத்துக்கான விலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அது தகும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி தண்ணீர். இதை ஊன்றிப் படியுங்கள், உங்கள் மெஷினின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. சான் அன்டோனியோவின் தண்ணீர் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. அது முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அமெரிக்க நகரங்களில் கடினத் தண்ணீர் என்று பேர் வாங்கிய ஊர்களில் உங்களுடையதும் ஒன்று. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. பாத்திரத்தில் படிந்தால் தேய்த்துவிடலாம். மெஷினுக்குள் தண்ணீர் சூடாவது பென்சில் ஈயம் போகிற மாதிரியான மெல்லிய வழியில், அங்கே யார் தேய்ப்பது? உங்கள் ஊரில் நான் வாங்கிய முதல் மெஷின் பதினான்கு மாதத்தில் செத்தது. செத்தது என்னால்தான். படிவு நீக்கச் சொல்லும் விளக்கு எரிந்ததை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் காபி இறங்க நேரம் கூடியது. பிறகு டம்ளரில் அளவு குறைந்தது, சூடு குறைந்தது, பம்ப்பின் சத்தம் கரகரத்தது. ஒரு நாள் விளக்கு எரிந்தது, தண்ணீர் வரவில்லை. இந்த நான்கு அறிகுறியில் முதலாவதைக் கண்டதுமே செயல்பட்டால் மெஷின் பிழைத்துக்கொள்ளும்.

எனவே குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம். ஜக்கில் வடிகட்டிய தண்ணீர் ஓரளவு நல்லது. அதற்காக டிஸ்டில்ட் வாட்டருக்குப் போகாதீர்கள், தாது எதுவுமே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், சில மெஷின்களின் உணர்கருவிக்கும் அது ஒத்துவராது. வடிகட்டினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவு நீக்க வேண்டும். வினிகர் ஊற்றலாம் என்று பலர் சொல்வார்கள். நெஸ்பிரெஸ்ஸோவுக்கு வினிகர் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள், வாடையும் போகாது. வாரன்டி இருக்கும் வரை கம்பெனியின் படிவு நீக்கும் திரவத்தையே வாங்குங்கள். வாரன்டி முடிந்த பிறகு நான் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டருக்கு 20 கிராம் கரைத்து ஓட்டுகிறேன். முதலில் வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள், சில சமயம் வெள்ளைத் துகள் மிதக்கும். எதைப் பயன்படுத்தினாலும் பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓட்டிவிட வேண்டும்.

அன்றாடச் சுத்தம் எளிது. காபி இறங்கியதும் கேப்ஸ்யூலை உடனே தள்ளிவிடுங்கள், உள்ளேயே விட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கியூரிக்காக இருந்தால் ஒரு நிமிடம் பொறுத்து மூடியைத் திறங்கள், உடனே திறந்தால் ஆவியும் சூடான பொடியும் கைமேல் அடிக்கும். கடைசியில் கேப்ஸ்யூல் இல்லாமல் ஒருமுறை தண்ணீர் ஓட்டினால் பழைய காபி எண்ணெய் குழாயில் தங்காது. தொட்டியை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலால் உள்சுவரைத் தடவினால் வழவழப்பு இருக்கக் கூடாது. பயன்படுத்திய கேப்ஸ்யூல் விழும் பெட்டியையும் அடித்தட்டையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டுங்கள், ஈரப் பொடியில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஊருக்குப் போவதாக இருந்தால் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். தொட்டியில் பால் ஊற்றக் கூடாது. அம்மா அப்பாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள், வந்தவர்கள் ஆசையில் பால் ஊற்றி மெஷினே நாறிப்போன வீடு எனக்குத் தெரியும்.

குப்பையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டு கேப்ஸ்யூல் வீதம் வருடத்துக்கு 730. அலுமினியம் என்பதால் மறுசுழற்சிக்கு ஏற்றது, ஆனால் சின்னதாக இருப்பதால் சாதாரணத் தொட்டியில் போட்டால் பிரிக்கும் இடத்தில் தவறிவிடும். நெஸ்பிரெஸ்ஸோ அமெரிக்காவில் அனுப்பும் கட்டணம் கட்டிய பையே இலவசமாகத் தருகிறது, நிரப்பி அனுப்பினால் போதும். கே-கப் இப்போது 5 என்ற எண் போட்ட பாலிப்ரொப்பிலீன், மூடியை உரித்து, பொடியைக் கொட்டிக் கழுவி, உங்கள் நகராட்சி எடுக்குமா என்று பார்த்துப் போட வேண்டும். பொடியை நான் உலர்த்தி, காய்கறித் தோலோடு மட்க வைத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடுகிறேன். ஈரமாக நேரே கொட்டினால் மேல்மண் பாளம் கட்டிவிடும்.

கடைசிக் கேள்வி, ஊருக்குக் கொடுத்தனுப்புவது. கூடாது. அமெரிக்காவில் வாங்கும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது, கும்பகோணத்தில் 230 வோல்ட். மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானால் சூடேற்றும் கம்பியில் சூடு நாலு மடங்குக்குப் பக்கத்தில் போகும், போட்ட சில நொடிகளில் கருகிவிடும். பிளக்கை மாற்றும் சின்ன அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. 1200, 1500 வாட் மெஷினைத் தாங்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் கட்டி மாதிரி கனக்கும், அதன் விலையில் நல்ல ஃபில்டர்கள் நாலு வாங்கலாம். நெஸ்பிரெஸ்ஸோ இப்போது இந்தியாவிலேயே அதிகாரபூர்வமாக விற்கப்படுகிறது, அப்பாவுக்கு மாலை டிகாஃப் பழகிப்போனால் அங்கேயே 230 வோல்ட் மெஷின் வாங்கிக்கொள்ளட்டும்.

மெஷின் வந்ததும் முதல் வாரம் எந்தக் கேப்ஸ்யூல், எத்தனை மில்லி, பால் எவ்வளவு என்று குறித்துவைத்து இங்கே எழுதுங்கள். நீர்ப்பாக இருந்தாலும் கசந்தாலும் எதை மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.